தலைமடையும் கடைமடையும்: ஆர்.ஏ. ஃபிஷரை நாம் எப்படிப் படிப்பது?

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இன்றைக்கு ஒரு வெள்ளைக்காரரைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பேர் ரொனால்ட் எய்ல்மர் ஃபிஷர். புள்ளியியல்காரர், மரபியல்காரர், கொஞ்ச காலம் பள்ளிக்கூட வாத்தியார். 1890இல் லண்டனில் பிறந்து 1962இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் செத்துப்போனவர். 'நம்ம பிரச்சினை ஆயிரம் கிடக்குது, இந்த ஆளு எதுக்கு?' என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நம்ம பிள்ளைகள் கல்லூரிக்குள் கால் வைத்ததும் காதில் விழுகிற வார்த்தை என்ன? 'தகுதி'. 'கோட்டாவுல வந்ததுங்க, அதுக்கு மேல என்ன எதிர்பாக்க முடியும்?' என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். சில பேர் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அந்தக் காலத்தில் இதைச் சொல்ல மனுதர்மம் கையில் இருந்தது, பூர்வஜென்ம வினை இருந்தது. இன்றைக்கு மனுவைக் காட்டினால் வெளியூரில் மரியாதை கிடைக்காது. அதனால் பாஷை மாறிவிட்டது. 'எல்லாம் ஜீன்ல இருக்குங்க' என்கிறார்கள். பூணூலுக்குப் பதிலாக மரபணு. சொல்லப்படுகிற சேதி ஒன்றுதான்: நீ இருக்கிற இடம் உன் பிறப்பு உனக்குக் கொடுத்த இடம்.

இந்தப் புது பாஷைக்குக் கணித இலக்கணம் எழுதிய பெரிய மூளைகளில் ஒன்று ஃபிஷர். அதே சமயத்தில் இந்தப் புது பாஷையை உடைத்துப் போடுகிற கடப்பாரையையும் செய்து வைத்துவிட்டுப் போனவர் அதே ஃபிஷர்தான். அந்தக் கடப்பாரையை அவர் தன் மேல் போட்டுப் பார்க்கவில்லை. நாம் போட்டுப் பார்ப்போம். இன்றைக்குப் பேச்சு அவ்வளவுதான்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். அப்பா லண்டனில் ஓவியம், கலைப்பொருள் எல்லாம் ஏலம் விடுகிற நிறுவனத்தின் பங்குதாரர். வசதியான வீடு. பையனுக்கு 14 வயதில் அம்மா செத்துப்போகிறார். கொஞ்ச நாளில் அப்பாவின் தொழிலும் நொடித்துப்போகிறது. அதற்குப் பிறகு படித்தது உதவித்தொகையில். பையனுக்குக் கண்பார்வை மிக மோசம். மின்விளக்கு வெளிச்சத்தில் படிக்கவே கூடாது என்று டாக்டர்கள் தடுத்துவிட்டார்கள். அதனால் வாத்தியார் மாலை நேரத்தில் பேனா காகிதம் இல்லாமல் வாயாலேயே கணக்கு சொல்லிக்கொடுக்க, இவர் மனசுக்குள்ளேயே படம் போட்டுப் பார்த்துக் கணக்கு போடப் பழகிவிட்டார். 1909இல் கேம்பிரிட்ஜ், கான்வில் அண்ட் கீஸ் கல்லூரி. 1914இல் போர் வந்ததும் பட்டாளத்தில் சேரப் போனார். கண்ணைக் காட்டி 'தகுதி இல்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1915 முதல் 1919 வரை பள்ளிக்கூடங்களில் கணக்கும் இயற்பியலும் நடத்தினார்.

இரண்டு விஷயத்தை முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். குடும்பம் நொடித்தபோது இவரைத் தூக்கி நிறுத்தியது உதவித்தொகை. உடம்பை அளந்து பார்த்த அரசு இவரைத் 'தகுதியற்றவர்' என்று எழுதியது. பின்னால் தேவைப்படும்.

கேம்பிரிட்ஜில் மாணவராக இருக்கும்போதே, 1911இல், அங்கே ஒரு யூஜெனிக்ஸ் சங்கம் தொடங்குகிறார்கள். தொடங்கியவர்களில் ஃபிஷர் முன்னணியில் இருந்தார். யூஜெனிக்ஸ் என்றால் 'இனமேம்பாட்டியல்' என்று தமிழில் சொல்கிறோம். சார்லஸ் டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கால்டன் 1883இல் உண்டாக்கிய சொல். நல்ல மாட்டையும் நல்ல மாட்டையும் சேர்த்து நல்ல கன்று எடுக்கிற மாதிரி, 'நல்ல' மனிதர்கள் நிறையப் பெற வேண்டும், 'மட்டமான' மனிதர்கள் பெறக் கூடாது. யார் நல்ல, யார் மட்டம்? அதைத் தீர்ப்பு சொல்கிறவர்கள் எப்போதும் கேம்பிரிட்ஜில்தான் உட்கார்ந்திருந்தார்கள். இதை ஏதோ கிறுக்குப் பிடித்த நாலு பேரின் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் அந்தச் சங்கத்தில் இருந்தார். அன்றைய படித்தவர்களின் பொதுப்புத்தி அது. இடதும் வலதும் அதில் கலந்து கிடந்தன.

இனி அவருடைய வேலைக்கு வருகிறேன். அதில் நாம் கஞ்சத்தனம் காட்டத் தேவையில்லை. மனுஷன் மேதைதான்.

மெண்டல் பட்டாணிச் செடியில் கண்டுபிடித்தது உங்களுக்குத் தெரியும். நெட்டை குட்டை, பச்சை மஞ்சள் என்று பண்புகள் தனித்தனியாக இறங்கி வருகின்றன. ஆனால் மனிதர்களின் உயரம் அப்படி இல்லையே? ஐந்தடியும் உண்டு, ஆறடியும் உண்டு, நடுவில் எல்லா அளவும் உண்டு. இதை வைத்து இங்கிலாந்தில் இரண்டு கட்சி. வில்லியம் பேட்சன் மெண்டல் கட்சி. கார்ல் பியர்சன் அளந்து பார்க்கிற கட்சி. ஒருத்தரை ஒருத்தர் கடித்துக் குதறிக்கொண்டிருந்தார்கள். ஃபிஷர் 1918இல் ஒரு கட்டுரை எழுதி அந்தச் சண்டையை முடித்து வைத்தார். ஒரு பண்பின் மேல் நிறைய மெண்டலியக் காரணிகள் சின்னச் சின்னதாக வேலை செய்தால் பியர்சன் அளக்கிற அதே தொடர்ச்சியான பரவல் கிடைக்கும் என்று கணக்கில் காட்டினார். 'வேரியன்ஸ்' என்ற சொல்லையே அந்தக் கட்டுரைதான் புள்ளியியலுக்குக் கொடுத்தது. நம்ம பாடப்புத்தகத்தில் 'விலக்க வர்க்கச் சராசரி' என்று போட்டிருப்பார்கள். ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இருக்கிற வேறுபாட்டை அளந்து, அதில் எவ்வளவு மரபுவழி, எவ்வளவு சூழல் என்று கூறு போடுவதற்கான வழி இது. 'இத்தனை சதவீதம் பரம்பரை' என்று இன்றைக்குப் பத்திரிகையில் வருகிற பேச்சுக்கெல்லாம் ஊற்றுக்கண் இங்கேதான்.

1919இல் லண்டனுக்கு வடக்கே ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்கிறார். 1843 முதல் அங்கே கோதுமை போட்டு, எரு போட்டு, விளைச்சலை எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்கள். எழுபது எண்பது வருஷக் கணக்கு குவிந்து கிடக்கிறது. என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியவில்லை. 'நீ வந்து பாரப்பா' என்று இவரைக் கூப்பிட்டார்கள்.

இந்த இடத்தை நிதானமாகக் கேளுங்கள், சாரமே இங்கேதான் இருக்கிறது. இரண்டு விதை இருக்கிறது. எது நல்ல விதை? ஒன்றைத் தலைமடையில் போடுகிறீர்கள். இன்னொன்றைக் கடைமடையில் போடுகிறீர்கள். அறுவடையில் தலைமடைக் களத்தில் இருபது மூட்டை, கடைமடைக் களத்தில் பன்னிரண்டு மூட்டை. தலைமடை விதை உயர்ந்த விதை என்று சொல்வீர்களா? உங்க அப்பா அம்மா வயலில் இறங்கி வேலை செய்தவர்கள்தானே, வீட்டில் கேட்டுப் பாருங்கள். 'போடா பைத்தியக்காரா, தண்ணி எங்க முதல்ல பாஞ்சுதுன்னு பாரு' என்பார்கள். இங்கிலாந்தில் மடை கிடையாது, மழைதான். ஆனாலும் மண் நாலடிக்கு ஒரு மாதிரி. ஒரு மூலையில் ஈரம், ஒரு மூலையில் கல். ஆகவே விளைச்சலில் தெரிகிற வித்தியாசம் விதையால் வந்ததா, நிலத்தால் வந்ததா என்று எப்படிப் பிரிப்பது?

ஃபிஷர் சொன்ன பதில் மூன்று. ஒன்று, நிலத்தைச் சின்னச் சின்னப் பாத்தியாகப் பிரி. ஒரே மாதிரி மண் உள்ள பாத்திகளை ஒரு தொகுப்பாக வை. ஒவ்வொரு தொகுப்புக்குள்ளும் எல்லா விதையும் வரட்டும். இரண்டு, ஒரு தடவை போட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்லாதே, திரும்பத் திரும்பப் போடு. மூன்றாவதுதான் அவருடைய பெரிய பங்களிப்பு: எந்தப் பாத்திக்கு எந்த விதை என்பதை நீ முடிவு பண்ணாதே. சீட்டுக் குலுக்கிப் போடு. ஏன் குலுக்க வேண்டும்? மனுஷன் கை சும்மா இருக்காது. தனக்குப் பிடித்த விதைக்குத் தன்னை அறியாமலேயே நல்ல பாத்தியைக் கொடுத்துவிடும். குலுக்கல் அந்தக் கையைக் கட்டிப்போடுகிறது.

இதையே ஒரு தேநீர்க் கதையாகவும் சொன்னார். பாலை முதலில் ஊற்றினதா, தேநீரை முதலில் ஊற்றினதா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றார் ஒரு பெண்மணி. சரி, 8 கோப்பை வை. நாலு அப்படி, நாலு இப்படி. வரிசையைக் குலுக்கு. எட்டில் நாலைத் தேர்ந்தெடுக்க 70 வழி உண்டு. வெறும் குருட்டு அதிர்ஷ்டத்தில் எல்லாம் சரியாக வர 70இல் ஒரு வாய்ப்பு. இப்படித்தான் ஒரு பேச்சை நம்பலாமா கூடாதா என்று சோதிக்க வேண்டும் என்றார். 1925இல் 'ஆய்வாளர்களுக்கான புள்ளியியல் முறைகள்', 1935இல் 'சோதனைகளை வடிவமைத்தல்' என்று இரண்டு புத்தகம். உலகம் பூராவும் ஆய்வு செய்கிற முறை மாறிப்போனது. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் வேலை செய்கிறதா என்று பிரிட்டனில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்து 1948இல் முடிவை வெளியிட்டார்களே, அதுவும் இந்த வயலில் முளைத்ததுதான். அதற்குப் பிறகு எத்தனை உயிர் பிழைத்திருக்கும்!

சரி, கோதுமைக்கு இவ்வளவு நியாயம் பார்த்த மனுஷர், மனுஷனுக்கு என்ன பண்ணினார்?

1930இல் 'இயற்கைத் தேர்வின் மரபியல் கோட்பாடு' என்ற புத்தகம் எழுதினார். டார்வினையும் மெண்டலையும் சேர்த்து வைத்த நூல்களில் முக்கியமானது. மொத்தம் 12 இயல். அதில் கடைசி 5 இயல் மனிதர்களைப் பற்றி. அங்கே என்ன சொல்கிறார்? சமூகத்தில் மேலே ஏறியவர்கள் மரபிலேயே திறமை உள்ளவர்கள். அவர்கள் குறைவாகப் பெறுகிறார்கள், கீழே இருப்பவர்கள் நிறையப் பெறுகிறார்கள். அதனால்தான் நாகரிகங்கள் அழிகின்றன. இதற்கு மருந்து, குழந்தைகளுக்காகக் கொடுக்கிற குடும்பப் படியை வருமானத்துக்கு ஏற்ற விகிதத்தில் கொடுப்பது. அதாவது அதிகம் சம்பாதிக்கிறவன் பிள்ளைக்கு அதிகப் படி, கூலிக்காரன் பிள்ளைக்குக் கொஞ்சம் படி!

பார்த்தீங்களா? வயலில் என்ன சொன்னார்? நிலம் சமமில்லாதபோது விளைச்சலை வைத்து விதையைத் தீர்ப்பு சொல்லாதே. இங்கே என்ன செய்கிறார்? ஒருத்தன் மாளிகையில் பிறந்தான், இன்னொருத்தன் லண்டன் சேரியில் புகைக்குள் பிறந்தான். இரண்டு பேரின் 'விளைச்சலை' அளந்து பார்த்துவிட்டு, மாளிகை விதை உசத்தி என்கிறார். பாத்தி பிரித்தாரா? சீட்டுக் குலுக்கினாரா? பிள்ளைகளை யார் குலுக்கிப் போட்டது? பிறப்பு என்பது தலைமடைக்காரன் பிள்ளை தலைமடையிலேயே விழுகிற ஏற்பாடு. குலுக்கல் இல்லாத சோதனை. ஃபிஷரின் சட்டப்படியே அது செல்லாத சோதனை.

அவருடைய சொந்த வாழ்க்கையையே எடுங்கள். அப்பா நொடித்த பிறகு உதவித்தொகை என்ற வாய்க்கால் அவர் பாத்திக்குப் பாய்ந்தது. பாயாமல் இருந்திருந்தால்? கண்ணை மட்டும் அளந்த பட்டாள டாக்டர் எழுதின 'தகுதி இல்லை' என்ற தாளோடு அந்த மேதை முடிந்திருப்பார். இனமேம்பாட்டியலின் அளவுகோலை அவர் கண்ணின் மேல் வைத்திருந்தால் என்ன தீர்ப்பு வந்திருக்கும்?

1933இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் கால்டன் பெயரிலான யூஜெனிக்ஸ் பேராசிரியர் பதவிக்கு வருகிறார். 'மனவளர்ச்சி குன்றியவர்'களுக்குக் கருத்தடை செய்யலாமா என்று ஆராய அன்றைய பிரிட்டிஷ் அரசு அமைத்த பிராக் குழுவில் அவர் உறுப்பினர். 1934இல் அந்தக் குழு, சம்மதத்தோடு கருத்தடை செய்யச் சட்டம் வரலாம் என்றது. பிரிட்டனில் அந்தச் சட்டம் வரவே இல்லை. ஆனால் யார் 'மனவளர்ச்சி குன்றியவர்'? 1913இல் வந்த சட்டத்தைப் பாருங்கள். ஏழை நிவாரணம் வாங்கிக்கொண்டு, கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெற்ற பெண்ணைக்கூட அந்தப் பட்டியலில் இழுத்துக் காப்பகத்தில் அடைக்க முடிந்தது. நோய் எங்கே முடிந்து வறுமை எங்கே ஆரம்பிக்கிறது என்று யாருக்குக் கவலை?

கணக்காவது சரியா என்று பார்ப்போம். மாணவர்கள் இதை நோட்டில் போட்டுப் பாருங்கள். ஒரு குறைபாடு பத்தாயிரத்தில் ஒருவருக்கு வருகிறது, அது ஒடுங்கிய ஜீனால் வருகிறது என்று வையுங்கள். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் வெளியே தெரியும். அப்படியானால் அந்த ஜீனை ஒற்றையாகச் சுமந்துகொண்டு நல்ல ஆரோக்கியமாக நடமாடுகிறவர்கள் பத்தாயிரத்தில் சுமார் 198 பேர். நீங்கள் அந்த ஒருவரைப் பிடித்துக் கருத்தடை செய்கிறீர்கள். மிச்சம் 198 பேரும் பெறுகிறார்கள். அடுத்த தலைமுறையில் என்ன ஆகும்? பத்தாயிரத்தில் ஒன்று என்பது 10,201இல் ஒன்று என்று ஆகும். அவ்வளவுதான்! ஜீனின் அளவு பாதியாகக் குறைய 100 தலைமுறை. சுமார் 2,500 வருஷம். இந்தக் கணக்கு ஃபிஷருக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். ஆனால் 1924இல் ஒரு கட்டுரையில், இப்படிப்பட்டவர்கள் தங்களுக்குள்ளேயே மணந்துகொள்கிறார்கள், அதனால் ஒரே தலைமுறையில் 17 சதவீதம் குறைத்துவிடலாம் என்று வாதாடினார். கணக்கில் பிழை கிடையாது. கணக்குக்குள் போட்ட அனுமானத்தில்தான் வர்க்கம் ஒளிந்துகொண்டிருந்தது.

பிரிட்டனில் பேச்சாக நின்றது ஜெர்மனியில் சட்டமானது. 1933 ஜூலையில் நாஜி அரசு கட்டாயக் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்தது. சுமார் 4 லட்சம் பேருக்குக் கருத்தடை நடந்தது. அதற்கு அடுத்த படி, மாற்றுத் திறனாளிகளையும் மனநோயாளிகளையும் கொல்வது. 1941 ஆகஸ்டுக்குள் 70 ஆயிரத்துக்கும் மேலானவர்களை விஷவாயுவில் கொன்றார்கள். இதற்கெல்லாம் ஃபிஷர் பொறுப்பு என்று நான் சொல்லவில்லை. அவருடைய மூத்த மகன் 1943இல் பிரிட்டிஷ் விமானியாகப் போரில் செத்தான். ஆனால் போர் முடிந்த பிறகு, எல்லாம் வெட்டவெளிச்சமான பிறகு, என்ன செய்தார்? மெங்கலேயின் ஆசிரியரான ஃபெர்ஷூயர் என்ற நாஜிக் கால மரபியலாளருக்குப் பரிந்து கடிதம் எழுதினார். குறைபாடுள்ளவர்களை நீக்கித் தங்கள் இனத்துக்கு நல்லது செய்யத்தான் அந்தக் கட்சி உண்மையாக நினைத்தது என்ற தொனியில் எழுதினார். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

'அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்' என்று ஒரு சமாதானம் வரும். நம்ம ஊர்ப் பெரிய மனிதர்களுக்கும் இதே சமாதானம் சொல்வார்கள். எல்லாரும் அப்படி நினைக்கவில்லை, தோழர்களே. லான்சலாட் ஹாக்பென் என்று ஒரு விலங்கியலாளர், 1930 முதல் லண்டன் பொருளியல் பள்ளியில் சமூக உயிரியல் பேராசிரியர். அவர் 1933இல் ஃபிஷரிடம் நேராகக் கேட்டார்: மரபு இத்தனை பங்கு, சூழல் இத்தனை பங்கு என்று கூறு போடுகிறாயே, அந்தப் பங்கு சூழல் மாறினால் மாறாதா? ஒரு விதை வறண்ட மண்ணில் தோற்று ஈர மண்ணில் ஜெயிக்கலாம். அப்போது எது உசத்தி? இது ஃபிஷரின் கணக்கிலேயே கை வைத்த கேள்வி. வயல் ஒன்றில் எடுத்த பங்குக்கணக்கு அந்த வயலுக்கு மட்டும்தான் செல்லும். ஒரு வயலுக்குள் எல்லா வேறுபாடும் விதையால் வந்ததாகவே இருக்கட்டும், அப்போதும் இரண்டு வயல்களுக்கு நடுவில் உள்ள வேறுபாடு முழுக்க முழுக்க நிலத்தால் வந்ததாக இருக்கலாம். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் அறிவை மட்டம் தட்டிப் பேசியவர்களுக்கு ரிச்சர்ட் லெவொன்டின் 1970இல் கொடுத்த பதிலும் இந்த வழியில் வந்ததுதான்.

இன்னொருவர் லயனல் பென்ரோஸ். கோல்செஸ்டரில் ஒரு காப்பகத்தில் இருந்த 1,280 பேரை ஒவ்வொருவராக, குடும்பத்தோடு ஆராய்ந்து 1938இல் அறிக்கை வெளியிட்டார். 'மனவளர்ச்சிக் குறைவு' என்பது ஒற்றை நோய் அல்ல, அதற்கு ஏகப்பட்ட காரணங்கள் என்று காட்டினார். ஃபிஷர் 1943இல் கேம்பிரிட்ஜுக்குப் போன பிறகு, 1945இல் அதே கால்டன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் இவர்தான். 'யூஜெனிக்ஸ் ஆண்டேடு' என்று இருந்த இதழின் பேரை 1954இல் 'மனித மரபியல் ஆண்டேடு' என்று மாற்றினார். பென்ரோஸ் ஆராய்ந்த நோய்களில் ஒன்று ஃபினைல்கீட்டோனூரியா. அசல் பரம்பரை நோய், மூளையைக் கெடுப்பது. 1950களில் என்ன கண்டுபிடித்தார்கள் தெரியுமா? சாப்பாட்டில் ஃபினைல் அலனின் என்ற ஒரு பொருளைக் குறைத்துக் கொடுத்தால் சேதத்தைத் தடுக்கலாம். நூற்றுக்கு நூறு ஜீனால் வருகிற நோய்க்குச் சாப்பாடு மருந்து! 'ஜீன்ல இருக்கு, மாத்த முடியாது' என்கிறவனிடம் இந்த ஒரு உதாரணத்தைச் சொல்லுங்கள், போதும்.

யுனெஸ்கோ 1950இல் இனம் பற்றி ஓர் அறிக்கை விட்டது. 1951இல் மரபியலாளர்களை வைத்துத் திருத்தி எழுதினார்கள். 1952இல் மறுப்புகளையும் சேர்த்து அச்சிட்டார்கள். அதில் ஃபிஷரின் மறுப்பு இருக்கிறது. மனிதக் கூட்டங்கள் அறிவிலும் உணர்விலும் பிறவியிலேயே ஆழமாக வேறுபடுகின்றன என்றார். அதே ஆண்டு அவருக்கு 'சர்' பட்டம்.

இதோடு புகையிலைக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1950இல் டோல், ஹில் இருவரும் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். ஃபிஷர் 1950களின் கடைசியில் எதிர்த்துக் கிளம்பினார். அவர் பைப் பிடிப்பவர். புகையிலை உற்பத்தியாளர்களின் குழுவுக்கு ஆலோசகராகவும் இருந்தார். அவர் வாதம் என்ன? 'நீங்கள் குலுக்கிப் போட்டுச் சோதிக்கவில்லையே! புகைக்கத் தூண்டுகிற ஜீனே புற்றுநோயையும் தரலாமே!' ஆக, கம்பெனிக்காரன் சரக்கைக் காப்பாற்ற வேண்டும் என்றால் குலுக்கல் ஞாபகம் வருகிறது. ஏழையைத் தீர்ப்பிட வேண்டும் என்றால் மறந்துபோகிறது. இரண்டு இடத்திலும் குற்றவாளி ஜீன். கம்பெனியும் தப்பிக்கிறது, சமூகமும் தப்பிக்கிறது.

இனி நம் பக்கம் வருகிறேன். ஃபிஷருக்கும் இந்தியாவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1938 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்த முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். மகலனோபிஸ் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குப் பல தடவை வந்தார். சி.ஆர். ராவ் கேம்பிரிட்ஜில் அவரிடம்தான் முனைவர் பட்டம் செய்தார். இந்த நட்பைக் காட்டி, ஃபிஷர் இனவெறியர் அல்ல என்று 2021இல்கூட வால்டர் போட்மர் முதலான அறிஞர்கள் எழுதினார்கள். இருக்கலாம். ஆனால் நமக்கு இந்த ரகம் பழக்கமானதுதானே? தனி ஆளிடம் பிரியமாக இருப்பார்கள். கூட்டத்தைப் பற்றிப் பேசும்போது பிறப்பை இழுப்பார்கள். நம்ம கேள்வி அவர் மனசைப் பற்றியது அல்ல, அவர் முடிவுக்கு என்ன சான்று என்பதுதான்.

அந்தக் கேள்வியை நம்மில் ஒருவர் ஏற்கனவே கேட்டுவிட்டார். 1936இல் லாகூரில் பேசவிடாமல் செய்யப்பட்ட உரையை அம்பேத்கர் தானே அச்சிட்டார், 'சாதி ஒழிப்பு'. சாதி இரத்தத் தூய்மையைக் காக்க வந்தது, அது யூஜெனிக்ஸ்தான் என்று சாதியைத் தாங்கிப் பேசியவர்களுக்கு அதில் பதில் இருக்கிறது. பேட்சன் என்று சொன்னேனே, அந்த மரபியலாளரையே சாட்சிக்கு அழைக்கிறார். உயர்ந்த மனப்பண்புகள் ஒரே ஒழுங்கில் பரம்பரையாக இறங்குகின்றன என்பதற்கு ஆதாரமில்லை என்று காட்டுகிறார். சாதி யாரோடு மணக்கக் கூடாது என்று தடுக்கிறதே தவிர, சாதிக்குள் யாரைத் தேர்ந்து மணக்க வேண்டும் என்று சொல்கிறதா, பிறகு அது எப்படி இனமேம்பாடு என்று மடக்குகிறார். அதே 1936இல்தான் ஃபிஷர் ஐரிஸ் பூக்களை அளந்து இனம் பிரிக்கும் புகழ்பெற்ற கட்டுரையை 'யூஜெனிக்ஸ் ஆண்டேட்டில்' வெளியிட்டார்.

அளவையை அளவையால் அடிக்கிற வேலையையும் அம்பேத்கர் செய்தார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ரிஸ்லி மூக்கை அளந்து சாதிகளை அடுக்கினார் அல்லவா? அந்த மாதிரி அளவுகளில் உள்ள பிழைகளை மகலனோபிஸ் 1933இல் அலசினார். அம்பேத்கர் 1948இல் 'தீண்டப்படாதார்' நூலில், குரியே தொகுத்த மூக்களவுப் பட்டியல்களையே எடுத்து வைத்து, இந்த அளவியல் உண்மையென்றால் பிராமணரும் தீண்டப்படாதாரும் ஒரே இனம் என்றே அது நிரூபிக்கிறது என்று முடித்தார். எதிரி கையில் இருந்த அளவுகோலைப் பிடுங்கி அவர்களையே அளந்தார்.

2020இல் கேம்பிரிட்ஜ் கீஸ் கல்லூரி, ஃபிஷர் நினைவாக வைத்திருந்த வண்ணக் கண்ணாடிச் சன்னலை எடுத்தது. அவருக்குப் பிடித்த லத்தீன் சதுரம் அதில் இருந்தது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கங்கள் அவர் பேரில் நடத்திய விருதின் பேரை மாற்றின. எனக்கு வருத்தமில்லை. கௌரவம் வேறு, கணக்கு வேறு. சன்னலை எடுத்துவிட்டார்கள் என்பதற்காகக் குலுக்கல் பொய்யாகிவிடாது. 1940களில் ரீசஸ் இரத்தப் பிரிவின் மரபியலைப் புரிய வைத்ததும் பொய்யாகிவிடாது. சிலையைக் கும்பிடுகிறவர்களும் வேண்டாம், புத்தகத்தைக் கொளுத்துகிறவர்களும் வேண்டாம். குலுக்கலில் தேர்ந்தெடுத்த மாதிரிகளை வைத்துத்தான் 1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. நம்ம மக்களில் எத்தனை பேருக்கு நிலமில்லை என்று மேடையில் நாம் சொல்கிற கணக்குகள் அந்தப் பாதையில் வந்தவைதான்.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புள்ளியியல் என்றால் நமக்கு ஆகாத பாடம் என்று ஒதுங்காதீர்கள். உங்களிடம் யாராவது 'தகுதி', 'பரம்பரை', 'ஜீன்' என்று ஒரு எண்ணைக் காட்டினால் மூன்று கேள்வி கேளுங்கள். நிலம் சமமாக இருந்ததா? யாருக்கு எந்தப் பாத்தி என்று குலுக்கித்தான் போட்டீர்களா? இந்தக் கணக்கு எந்த வயலில் எடுத்தது, இன்னொரு வயலுக்கு இதை ஏன் தூக்கி வருகிறீர்கள்? மூன்றும் ஃபிஷரின் வயலில் விளைந்த கேள்விகள்தான். பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். இடஒதுக்கீடு என்பது கடைமடைக்கு ஒரு வாய்க்கால் வெட்டுகிற வேலை. தண்ணீர் வந்து எத்தனை போகம் ஆயிற்று? அதற்குள் விதையைக் குறை சொல்கிறவர்களிடம், முதலில் மடையைத் திற என்று சொல்லுவோம்.